பொத்தல் ரோட்டில் போட்ட கோலம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் ரேஷன் கடைக் கையெழுத்தும்தான். மறதியும் உண்டு. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடங்களில் தடுமாறும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனால் கோபம் இருந்தால் கை கொஞ்சம் ஓடுகிறது என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் ஓரிக்கைக்குப் போகிற பக்கம், ரோட்டைப் பார்த்த வீடு. அகலம் கம்மி, நீளம் அதிகம். முன்னறை, அதற்குப் பின்னால் தறி இருந்த கூடம், அப்புறம் சமையல்கட்டு, தோட்டம். முன்னறையில் ஒருவர் பேசுவது சமையல்கட்டுக்குக் கேட்க வேண்டுமென்றால் தெரு கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டும்.

முன்பு அடங்கித்தான் இருந்தது. பெரிய ரோட்டில் ஏதோ வேலை நடக்கிறது, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று பஸ்ஸையும் லாரியையும் எங்கள் பக்கம் திருப்பி விட்டார்கள். அந்த வேலை முடிந்தது. வண்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் மறந்தால் வயதாகிவிட்டது என்கிறார்கள். அவர்கள் மறந்தால் அதற்குப் பெயரே இல்லை.

எங்களுடையது அப்போது சிமெண்ட் ரோடு. வண்டி வழுக்கக்கூடாது என்று, ஈரமாக இருக்கும்போதே குறுக்கே குறுக்கே கோடு கீறி விட்டிருந்தார்கள். அந்தக் கோடுகளின் மேல் டயர் ஓடும்போது ஊய்ங் என்று ஒரு சத்தம் வரும். ஹாரன் சத்தம் வேறு. அது அடித்து ஓய்ந்துவிடும். இது ஓயாது. ஒரு வண்டியின் ஊளை அடங்குவதற்குள் அடுத்த வண்டியின் ஊளை வந்து பிடித்துக்கொள்ளும். காலையில் பால் காய்ச்சும்போது ஆரம்பித்தால் ராத்திரி கதவைச் சாத்தினாலும் உள்ளே இருக்கும். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சத்தமா என்று கேட்டவர்கள் உண்டு. தறி அடிக்கிறவர் கையை நிறுத்தினால் தறி நிற்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு வார்த்தை போகும். என் வீட்டுக்காரர் அப்படித்தான் தறியில் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டோடு ஊர்வம்பெல்லாம் பேசி முடிப்பார். ரோட்டுச் சத்தத்துக்கு நடுவில் சந்து கிடையாது.

அவருக்குப் பக்கவாதம் வந்தது இந்தச் சத்தம் வந்த பிறகுதான். சத்தத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது எனக்குத் தெரியாது. வலது கையும் காலும் பாதி போயிற்று. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் குரல் வரவில்லை. தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல், நூல் மாதிரி ஆகிவிட்டது. மகன் குடும்பத்தோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் முன்னறைக் கட்டிலில். நான் சமையல்கட்டிலும் தோட்டத்திலும். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. "இந்தா" என்பார். அவ்வளவுதான். அந்த "இந்தா" முன்னறை நிலைப்படியைத் தாண்டவில்லை.

ஒரு மத்தியானம் நான் தோட்டத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலியாக இருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார். தண்ணீர் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார். நான் வரவில்லை என்று தானே எழுந்திருக்கிறார். விழுந்த பிறகும் கூப்பிட்டிருக்கிறார். எத்தனை நேரம் என்று கேட்டேன். கன்னத்தில் தரையின் அச்சு பதிந்திருந்தது. அதைப் பார்த்து நானே புரிந்துகொண்டேன். என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

எதிர்வீட்டுக்காரி என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். தெலுங்கு பேசுகிற குடும்பம், வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. தைரியசாலி, வாயும் அதிகம். அவள் ஒரு பித்தளை மணி வாங்கி வந்து கட்டிலில் கட்டிவிட்டாள். அவர் அதை ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அவிழ்க்கச் சொன்னார்.

"எதிர்ல மணி கட்டி வெக்கிறதுக்கு நான் இன்னா சாமியா?"

"சாமின்னா இந்நேரம் ஒரு பிரசாதமாவது கெடச்சிருக்கும் மாமா," என்று அவள் சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொண்டுபோனாள். நான் அன்றிலிருந்து அடுப்பை மூட்டிவிட்டு முன்னறைக்கு ஓடுவதும், எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்கு ஓடுவதுமாக இருந்தேன். என் முழங்கால் இரண்டும் அதில்தான் தேய்ந்தன.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மேடம், கூட நாலைந்து பிள்ளைகள். மூன்று கால் வைத்து அதன்மேல் ஒரு கருவியை நிறுத்தி, சத்தத்தை அளந்தார்கள். சத்தம் கம்மியாக வருகிற மாதிரி ஒரு தார் ரோடு இருக்கிறதாம், எங்கள் தெருவில் கொஞ்ச தூரத்துக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். இதை எதிர்வீட்டுக்காரி விசாரித்து வந்து சொன்னாள். நான் கதவிடுக்கில் நின்று பார்த்ததோடு சரி. சிமெண்டின் மேலேயே கறுப்பாக ஒரு அடுக்கு போட்டார்கள். காய்ந்ததும் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பக்கம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஓடாமல், தேங்காமல், அங்கேயே உள்ளே இறங்கி மறைந்துவிடும்.

அதன்மேல் வண்டி ஓட ஆரம்பித்த அன்றைக்கு எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். பஸ் போகிறது, ஆனால் அந்த ஊளை இல்லை. தாம்பாளத்தில் அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வந்து போயிற்று. நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தா."

சமையல்கட்டில் கேட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். என்ன வேண்டும் என்றேன்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "கேக்குதான்னு பார்த்தேன்."

அன்றைக்கு அவர் என்னை எத்தனை தடவை காரணமில்லாமல் கூப்பிட்டார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் போனேன்.

இனிமேல் எழுதப்போவது நான் செய்தது. மறைத்தால் மற்றதையெல்லாம் எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

ரோடு போட்டது கார்த்திகையில். அடுத்தது மார்கழி. எங்கள் தெருவில் மார்கழிக் கோலம் என்றால் சும்மா இல்லை. அதிலும் அந்தக் கறுப்பு ரோட்டைப் பார்த்ததும் பெண்களுக்குக் கை துறுதுறுத்தது. சிமெண்டில் வெள்ளைக் கோலம் எடுபடவே எடுபடாது. கறுப்பில் பளிச்சென்று இருக்கும். சத்தத்திலிருந்து காப்பாற்றிய ரோடு, அதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றும் நினைத்தோம். ஆனால் மாவைப் போட்டால் கோடு நிற்கவில்லை. பொத்தலுக்குள் போய்விட்டது. சாணி தெளித்தால் அதுவும் உள்ளே போய்விட்டது. எத்தனை கோலமாவு போட்டாலும் ரோடு தின்றுகொண்டே இருந்தது.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான். எதிர்வீட்டில், தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலுக்குப் போட்டு மீந்த கஞ்சி எப்போதும் ஒரு பானையில் இருக்கும். நூலுக்கு விறைப்புக் கொடுக்கிற கஞ்சி அது, ஒட்டினால் விடாது. அதை வாங்கிச் சாணியோடும் கொஞ்சம் செம்மண்ணோடும் கலந்து, கெட்டியாகக் கரைத்து, விடியுமுன் வண்டி வராத நேரத்தில் கட்டைத் துடைப்பத்தால் அழுத்தி அழுத்தி மெழுகினேன். பொத்தல் எல்லாம் அடைந்து தரை வழவழவென்று ஆயிற்று. அதன்மேல் கோலம் போட்டேன். வண்டி ஏறியும் நாலு நாளைக்குக் கலையவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் வந்து பக்குவம் கேட்டார்கள். எனக்கு வாழ்க்கையில் இப்படி யாரும் வந்து எதுவும் கேட்டதில்லை. கஞ்சி எத்தனை பங்கு, சாணி எத்தனை பங்கு என்று விவரமாகச் சொல்லிக் கொடுத்தேன். மார்கழி முடிவதற்குள் வீடிருக்கிற இடமெல்லாம் தெரு மெழுகின களம் மாதிரி ஆகிவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு ஊளை திரும்பி வந்தது. ஒரே நாளில் வரவில்லை. அவர் கூப்பிட்டு நான் போகாத நேரங்கள் ஒன்று, இரண்டு என்று கூடிக்கொண்டே வந்தன. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அவர் நினைத்தார். அவர் குரல் இன்னும் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டோம். ரோட்டை இரண்டு பேரும் நினைக்கவில்லை.

மாசியில் கல்லூரி ஆட்கள் மறுபடி வந்து அளந்தார்கள். எங்கள் தெரு ஸ்கூலின் சுவர் ஓரத்தில், வீடு இல்லாத இடத்தில், சத்தம் அப்படியே கம்மியாக இருந்ததாம். வீடுகளுக்கு முன்னால் ஏறியிருந்ததாம். நாலைந்து நாள் கழித்து, ரோடு போட உத்தரவு கொடுத்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோயில் மண்டபத்தில் தெருப் பெண்களை எல்லாம் வரச்சொன்னார்கள். மேடமும் வந்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த அதிகாரி எங்களைப் பார்த்துப் பேசவே இல்லை. மேடத்தைப் பார்த்து எங்களைப் பற்றிப் பேசினார். நாங்கள் அங்கே நிற்பதே அவர் கணக்கில் இல்லை. அந்தப் பொத்தல்தான் டயரின் சத்தத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறதாம். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்குகிற காற்று அந்த ஓட்டை வழியாகப் போய்விடுவதால்தான் ஊளை வராதாம். இந்தப் பெண்கள் சாணியையும் மாவையும் போட்டு அதை அடைத்துவிட்டார்களாம். இவ்வளவு நல்ல ரோட்டைப் போட்டுக் கொடுத்தால் இப்படியா செய்வார்கள், படிப்பில்லாத ஜனங்களுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் செய்யவே கூடாது என்றார். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அதன்மேல் சாதாரண தாரைப் போட்டு மூடிவிடப் போவதாகவும் சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. என் வீட்டுக்காரரின் குரலை நானே கஞ்சி போட்டு அடைத்திருக்கிறேன். நாற்பது வருஷம் தறிக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். தறியின் அச்சு என்பது நூலைப் பிரித்து விடுகிற சீப்பு மாதிரி. அதன் பல்லிடுக்கில் கஞ்சி அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? இது அதற்காக வைத்த ஓட்டை என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாசலை நான் காவல் காத்திருப்பேனே. வேலை செய்தவர்கள் என் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். அளந்த பிள்ளைகள் என் வீட்டு நிழலில்தான் நின்றார்கள். வாய் திறக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எப்படி முன்னால் வந்தேன் என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி பிறகு சொன்னாள், தூணைப் பிடித்த கையை எடுக்காமலேயே பேசினேனாம்.

"ஓட்டை எதுக்குன்னு எங்ககிட்ட யாரு சார் சொன்னது?"

தெருவின் தொடக்கத்திலேயே விவரமாகப் பலகை வைத்திருக்கிறது என்றார் அவர். வைத்திருந்தது. பச்சைப் பலகை, முழுக்க முழுக்க இங்கிலீஷ்.

"நான் அஞ்சாவது படிச்சவ சார். தமிழ்ல எழுதி வெச்சிருந்தா எழுத்துக்கூட்டியாவது படிச்சிருப்பேன். அதுல என் ஊரு பேரு எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியல."

"அம்மா, அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். சொன்னாலும் உங்களுக்குப் புரியாது."

"தறிக்கார வீட்ல பொறந்த பொம்பளைக்கு ஓட்டை அடைக்கிறதும் எடுக்கிறதும் புரியாதா சார்? சரி, எங்களை விடுங்க. எடைமேடைக்கு முன்னாடியும் சத்தம் ஏறிக்கினுதான் இருக்குது. அங்க எந்தப் பொம்பள போயி கோலம் போட்டா?"

லாரிகளை நிறுத்தி எடை போடுகிற இடம் அது, புது ரோடு அதையும் தாண்டிப் போகிறது, எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். மணலும் மண்ணும் லாரியிலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே வீடே கிடையாது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "லாரிக்காரங்க போட்டிருப்பாங்க அக்கா. அவங்களுக்கும் மார்கழி மாசந்தானே," என்றாள்.

அதிகாரி எழுந்துகொண்டார். மேடம் எழவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, சொல்லாமல் விட்டது தங்கள் தப்பு என்றார். கான்ட்ராக்டருக்குச் சொன்னோம், ஆபீசுக்குச் சொன்னோம், வாசலில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை என்றார். அதை ஒப்புக்கொண்டதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபமும் உண்டு. இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது. எடைமேடைக்கு முன்னாலும் போய் அளந்தார். எங்கள் வாசலைவிட அங்கே அதிகமாகவே இருந்ததாம்.

அந்தக் கணக்கை மேடம் கொண்டுபோய்க் காட்டிய பிறகு அதிகாரி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் பொத்தலைத் திறந்து காட்டினால் பார்க்கலாம் என்றார். வெளிநாட்டில் இதைக் கழுவி உறிஞ்சுவதற்கென்றே வண்டி இருக்கிறதாம், நம் பக்கம் இல்லையாம். அப்படியென்றால் முதலில் இதை ஏன் போட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பழைய கூச்சம் வந்துவிட்டது.

மேடத்தோடு வந்த பையன் ஒருவன் இரும்புக் கம்பியால் குத்தி எடுக்கலாம் என்றான். நான் வேண்டாம் என்றேன். அடைத்த அச்சைக் குத்தினால் பல் போகும். ஊற வைத்து, இளகின பிறகு மேலே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக்கூடாது. அப்படியே செய்தோம். நனைத்த கோணிகளை ரோட்டின் பாதியில் பரப்பி, இன்னொரு பாதியில் வண்டிகளை விட்டு, பகல் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் பாவு நூலுக்குக் கஞ்சி தேய்க்கிற நார்த் தூரிகைகளால் இளக்கினோம். உறிஞ்சுவதற்கு மேடம் எங்கெங்கோ பேசி ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். அது செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற லாரி. கழுவித்தான் கொண்டுவந்தோம் என்று டிரைவர் சத்தியம் செய்தார். வாசனை வேறு மாதிரி சொல்லிற்று. கோலம் போட்ட வாசலில் எந்த வண்டி வந்து நிற்கிறது பார் என்று தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. ஆனால் அந்தக் குழாயை வைத்தபோது, பொத்தலிலிருந்து வெள்ளையும் பச்சையுமாகக் குழம்பு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் மார்கழி முழுவதும் அந்தக் குழாய் வழியாகப் போயிற்று.

முழுசாகத் திறக்கவில்லை. முதல் நாள் இருந்த அமைதி வரவில்லை. ஆனாலும் அவர் இரண்டு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை கேட்கிறது. இப்போது நாங்கள் வாசற்படிக்கல்லிலும், சுவரை ஒட்டித் தார் படாமல் விட்ட ஒரு முழ சிமெண்டிலும் மட்டும் கோலம் போடுகிறோம். சிலருக்கு மனசே இல்லை. ரோட்டுக்காக வாசலைச் சுருக்கிக்கொள்வதா என்று கேட்கிறார்கள். நியாயம்தான். பெண்களிடம் கோலத்தைச் சுருக்கச் சொன்னவர்கள், மணல் லாரிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லவில்லை. எடைமேடைக்கு முன்னால் இன்றைக்கும் மண் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பச்சைப் பலகையும் இங்கிலீஷிலேயே நிற்கிறது.

தாரைப் போட்டு மூடுகிற உத்தரவை ரத்து செய்யவில்லை, தள்ளி வைத்திருக்கிறார்கள். நடந்ததை முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள், மேலே காட்ட வேண்டும் என்று மேடம் கேட்டார். வேறு யாராவது எழுதினால் கஞ்சி விஷயத்தை விட்டுவிடுவார்கள், இல்லாவிட்டால் அதை மட்டும் எழுதுவார்கள். அதனால்தான் நான் உட்கார்ந்தேன்.

ரோடு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துக் கொடுத்தால் நல்லது. டயருக்கு அடியில் காற்று நசுங்குகிறது என்று நான் எழுதியது சரியா என்று பாருங்கள். எந்த மாசம் எது நடந்தது என்பதையும், அந்த அடுக்கு சிமெண்டின் மேலேதான் போட்டார்களா, இல்லை பெயர்த்துவிட்டுப் போட்டார்களா என்பதையும் விசாரித்துத் திருத்திவிடுங்கள். என் தப்பையும் நான் எழுதினதுக்கு மேல் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்கிற இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதை நான் நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன்.